பாக்கெட்டில் அடங்கும் கேமரா: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

கேமரா கடைக்குப் போய், சட்டைப் பையில் வைக்கிற மாதிரி ஒன்று காட்டச் சொல்லுங்கள். விலையைச் சொன்ன கையோடு விற்பனையாளர் சொல்லும் அடுத்த வார்த்தை பெரும்பாலும் இதுதான்: "சார், இந்தக் காசுக்கு டி.எஸ்.எல்.ஆரே வந்துடும். ரெண்டு லென்ஸோட!" அவர் பொய் சொல்லவில்லை. நல்ல பாக்கெட் கேமரா ஒன்றின் விலைக்கு லென்ஸ் மாற்றும் கேமராவையே பை, மெமரி கார்டு சகிதம் வாங்கிவிடலாம். அந்த நேரத்தில் தடுமாறாமல் இருக்கத்தான் இந்த அத்தியாயம். இங்கே உள்ளதை வரிசைப்படி செய்து பார்த்தால் சிலருக்கு "கடைக்காரர் சொல்வதுதான் சரி" என்றே முடிவு வரும். அவர்கள் தாராளமாகப் பெரிய கேமராவை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விசாரணை

இதை வீட்டில், கடைக்குப் போவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

1. கடந்த ஓராண்டில் நீங்கள் எடுத்த படங்களில் பிடித்தவற்றை ஒரு ஐம்பது ஒதுக்குங்கள். போனில் எடுத்தவையும் கணக்குதான்.
2. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: படம் எடுக்கவென்றே கிளம்பிப் போய் எடுத்ததா, வேறு வேலையாகப் போன இடத்தில் கிடைத்ததா?
3. இன்னும் நன்றாக வந்திருக்க வேண்டிய படங்களைத் தேடுங்கள். எது கெடுத்தது என்று ஒற்றைச் சொல்லில் குறியுங்கள்: இருட்டு, தூரம், அசைவு, தாமதம்.
4. வீட்டிலோ நண்பர்களிடமோ டி.எஸ்.எல்.ஆர். இருந்தால் அது கடைசியாக எப்போது பையிலிருந்து வெளியே வந்தது, இரண்டாவது லென்ஸை எப்போது மாட்டினார்கள் என்று கேளுங்கள்.

"வேறு வேலையாகப் போன இடத்தில்" என்பது பாதிக்கு மேல் இருந்தால் நீங்கள் பாக்கெட் கேமராவுக்கான ஆள். "தூரம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் இந்த அத்தியாயத்தின் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். இடையில் உள்ளவற்றால் உங்களுக்குப் பயன் குறைவு.

நான்காவது கேள்வியை விளையாட்டாக நினைக்க வேண்டாம். லென்ஸ் மாற்றும் கேமராவின் சிறப்பே லென்ஸை மாற்ற முடிவதுதான். பெட்டியோடு வந்த 18-55 லென்ஸை, அதாவது கிட் லென்ஸை மாட்டி, அதை ஒருநாளும் கழற்றாமல் வைத்திருப்பவர் அந்தச் சிறப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு, பயன்படுத்தாமல் பாரத்தை மட்டும் சுமக்கிறார். இந்தியாவில் பரவலாக விற்ற கேனன் 1500டி, பேட்டரி, கார்டோடு 475 கிராம். அதன் கிட் லென்ஸ் 200 கிராம். சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசையின் ஏழாம் மாடல் எல்லாம் சேர்த்து 302 கிராம். ரிக்கோ ஜி.ஆர். 3 வெறும் 257.

ஒரே ஒரு கணக்கு

"எடை குறைவு சரி, படம் அதே அளவு நன்றாக வருமா?" என்பதுதான் அடுத்த சந்தேகம். மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து இதற்கு விடை கிடைக்காது. சென்சாரின் பரப்பும் லென்ஸின் திறப்பும்தான் பேச வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் எளிய வழி: சென்சாரின் பரப்பை, லென்ஸின் எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுங்கள். வரும் விடை பெரிதாக இருந்தால், அதே நேர அளவில் அந்தக் கேமராவுக்குள் அதிக ஒளி போகிறது என்று பொருள். மாலை ஆறரை மணிப் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறையும்.

சென்சார் பரப்புகள், சதுர மில்லிமீட்டரில்:

• 1/2.3 இஞ்ச் (பழைய டிஜிட்டல் கேமராக்கள், நீண்ட ஜூம் கேமராக்கள்): சுமார் 28
• 1 இஞ்ச் (உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ.): 116
• ஏ.பி.எஸ்.சி.: கேனனில் சுமார் 332, மற்றவற்றில் சுமார் 366
• ஃபுல் ஃப்ரேம்: 864

இப்போது கணக்கைப் போடுவோம். கிட் லென்ஸோடு உள்ள கேனன் டி.எஸ்.எல்.ஆர்., விரிந்த முனையில் எஃப் 3.5: 332-ஐ 12.25-ஆல் வகுத்தால் 27. அதே கேனனின் பாக்கெட் கேமரா ஜி7 எக்ஸ் மார்க் 3, 1 இஞ்ச் சென்சார், எஃப் 1.8: 116-ஐ 3.24-ஆல் வகுத்தால் 36. ஜூமை முழுக்க இழுத்தால் டி.எஸ்.எல்.ஆர். எஃப் 5.6-க்கு இறங்கி 10.6 ஆகிறது, பாக்கெட் கேமரா எஃப் 2.8-இல் நின்று 14.8 தருகிறது. மூன்று மடங்கு சிறிய சென்சார் வைத்த கேமரா, கிட் லென்ஸோடு நிற்கும் பெரிய கேமராவை இந்தக் கணக்கில் முந்துகிறது. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நியாயமாக இருக்க வேண்டும். அதே டி.எஸ்.எல்.ஆரில் 160 கிராம் எடையுள்ள 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் விடை 102. பாக்கெட் ஜூம் கேமரா எதுவும் அதன் அருகில் வராது. ஆகவே லென்ஸை மாற்றப் போகிறவருக்கு டி.எஸ்.எல்.ஆர்., மாற்றாதவருக்குப் பாக்கெட் கேமரா. முடிவு அந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது.

ரிக்கோ ஜி.ஆர். 3: 366, எஃப் 2.8, விடை 47. சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாம் மாடல்: விரிந்த முனையில் 15, ஜூமின் கடைசியில் 6-க்கும் கீழே. 24 முதல் 200 மி.மீ. வரை எட்டும் ஜூமுக்கு அந்தக் கேமரா கொடுக்கும் விலை இது. 1/2.3 இஞ்ச் சென்சாரும் எஃப் 3.3 லென்ஸும் உள்ள கேமராவுக்கு விடை மூன்றுகூட வராது.

குறிப்பு: இதே கணக்கை உங்கள் போனுக்கும் போட்டுப் பாருங்கள். 2022-இல் வந்த ஷாவ்மி 12 எஸ் அல்ட்ரா உட்பட, விலை உயர்ந்த சில போன்களின் முதன்மைக் கேமராவிலேயே 1 இஞ்ச் சென்சார் இருக்கிறது. அப்படிப்பட்ட போனை வைத்திருப்பவர் ஒளிக்காக மட்டும் 1 இஞ்ச் பாக்கெட் கேமரா வாங்கினால் ஏமாந்துபோவார். அவருக்கு லாபம் வேறு இடங்களில்: உண்மையான ஜூம், உண்மையான ஃப்ளாஷ், கைக்குச் சிக்கும் பொத்தான்கள், அழைப்பு வந்து குறுக்கிடாத திரை. பாக்கெட் கேமராவுக்கு எதிரி டி.எஸ்.எல்.ஆர். இல்லை, போன்தான் என்பதை மறக்க வேண்டாம். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி 2010-இல் லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்கள் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. 2023-இல் 20 லட்சத்தைத் தொடவில்லை. மலிவான பாக்கெட் கேமராக்கள் பெரும்பாலும் போனிடம் தோற்றுக் காணாமல் போயின. மிஞ்சியவை விலை கூடியவை, மாடல்கள் சொற்பம், அதிலும் பல ஐந்தாறு ஆண்டுகள் பழையவை. தேடும்போது இதை மனத்தில் வைத்தால் அதிர்ச்சி குறையும்.

அட்டைப் பெட்டிச் சோதனை

"பாக்கெட் சைஸ்" என்று விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டாம். யாருடைய பாக்கெட்? கோட்டு போட்டவருடையதா, கைலி கட்டியவருடையதா? நீளமும் உயரமும் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. கனம்தான் காலை வாரும். ஜி.ஆர். 3-இன் கனம் 33 மி.மீ.; ஆர்.எக்ஸ்.100 ஏழாம் மாடல் 43. பலரும் ஆசைப்படும் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 6 மாடல் 55 மி.மீ. கனம், 521 கிராம் எடை. அது அருமையான கேமரா. ஆனால் அது பாக்கெட் கேமரா இல்லை. தோளில் மாட்ட வேண்டியது.

1. வாங்க நினைக்கும் மாடலின் மூன்று அளவுகளையும் நிறுவனத்தின் விவரப் பட்டியலிலிருந்து எடுங்கள்.
2. பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அதே அளவுக் கட்டை ஒன்று செய்யுங்கள். நடுவில் நாணயங்களோ இரும்புத் துண்டோ வைத்து எடையையும் சமமாக்குங்கள். சமையலறைத் தராசு போதும்.
3. ஒரு வாரம் அதை நீங்கள் வழக்கமாக உடுத்தும் உடையோடு சுமந்து பாருங்கள். பேருந்தில் ஏறுங்கள், வண்டி ஓட்டுங்கள், குனிந்து செருப்பைக் கழற்றுங்கள், உட்காருங்கள்.
4. எந்த நாளில், எந்த உடையில் அதை வீட்டிலேயே விட்டுப் போனீர்கள் என்று குறியுங்கள். ஏன் என்பதையும் எழுதுங்கள்.

வாரக் கடைசியில் அட்டைக் கட்டை மேசையிலேயே கிடந்தால், கேமராவும் அங்கேதான் கிடக்கும். அந்த மாடலை விட்டுவிட்டு இன்னும் மெல்லியதைப் பாருங்கள்.

பருத்திச் சட்டையின் மேல் பையில் 250 கிராம் வைத்தால் சட்டை முன்னால் தொங்கும், குனிந்தால் கேமரா தரையில். வேட்டிக்காரர்களுக்கு வேறு பை கிடையாது என்பதால் அவர்கள் கழுத்துக் கயிறு போட்டுச் சட்டைப் பையில் வைப்பதுதான் ஒரே வழி. சேலை, சுடிதார் என்றால் கைப்பையின் வெளி அறையை இதற்கென்று ஒதுக்குங்கள். சாவியும் சில்லறையும் அதில் கூடாது. பேன்ட்டின் பின்பையில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். ஒருமுறை உட்கார்ந்தால் போதும், லென்ஸ் குழாய் கோணிக்கொள்ளும்.

எந்த வகை, யாருக்கு

நிலையான லென்ஸ், பெரிய சென்சார்: ரிக்கோ ஜி.ஆர். 3 (2019, 28 மி.மீ.), ஜி.ஆர். 3 எக்ஸ் (2021, 40 மி.மீ.) இந்த வகை. ஜூம் கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது, திரை மடங்காது. இத்தனை "கிடையாது"வைக் கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் தெருவில் நடக்கிறவருக்கு இதுதான் என் முதல் பரிந்துரை. காரணம் அதன் ஸ்னாப் ஃபோகஸ். தூரத்தை 2 மீட்டர் என்று முன்கூட்டியே குறித்து, திறப்பை எஃப் 8-இல் வைத்துவிட்டால், 28 மி.மீ. மாடலில் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தெருவின் எதிர்ப்பக்கம் வரை எல்லாம் தெளிவு. ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடாமல் உடனே எடுத்துவிடும். பூ கட்டும் கை, தேர் வடத்தைப் பிடிக்கும் கூட்டம், படிக்கட்டில் தொங்கும் பயணி: இங்கெல்லாம் கேமரா யோசிக்கிற அரை நொடியில் படம் போய்விடும். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தாய்தோ மொரியாமா பல்லாண்டுகளாக டோக்கியோ தெருக்களில் ரிக்கோவின் சிறு கேமராக்களை ஒரு கையில் பிடித்தபடியே எடுத்து வந்தவர். அந்தப் படங்களைப் பார்த்தால் ஜூம் இல்லாதது குறையாகத் தெரியாது.

28-ஆ 40-ஆ? உங்கள் போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரைதான். போன் படங்களில் ஓரங்களை வெட்டியே பகிர்கிறவர் என்றால் 40. கூட்டத்துக்கு நடுவில், வீட்டுக்குள் எடுப்பவர் என்றால் 28.

குட்டை ஜூம், அகலத் திறப்பு: கேனன் ஜி7 எக்ஸ் வரிசை (24-100 மி.மீ., எஃப் 1.8-2.8), சோனி ஆர்.எக்ஸ்.100-இன் மூன்று முதல் ஐந்து வரையிலான மாடல்கள் (24-70 மி.மீ., எஃப் 1.8-2.8). குடும்பம், பயணம், சாப்பாடு, பிறந்த நாள், கொஞ்சம் வீடியோ என்று எல்லாம் செய்பவருக்கு இவை. சோனியில் மேலே எழும் சிறு வியூஃபைண்டர் இருக்கிறது. நம் ஊர் நண்பகல் வெயிலில் திரை கறுப்பாகத் தெரியும்போது அதன் அருமை புரியும். ஜி7 எக்ஸில் அது இல்லை.

நீண்ட ஜூம்: ஆர்.எக்ஸ்.100-இன் ஆறு, ஏழு. பகல் பயணத்துக்கு வசதி, கோபுரச் சிற்பத்தைக் கீழிருந்தே பக்கத்தில் கொண்டுவரும். மாலையில் கை நடுங்கும்.

தண்ணீருக்குள் போவது: ஒலிம்பஸ் டி.ஜி.6, ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.7. 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது வரை தாங்கும் என்கிறது நிறுவனம். சென்சார் 1/2.3 இஞ்ச்தான். அருவி, கடல், வயல் வேலை, கைக்குழந்தை என்றால் மட்டும் யோசியுங்கள்.

கடையில் பத்து நிமிடம்

1. நின்றபடி, கேமராவைப் பையில் போடுங்கள். ஒரே கையால் எடுத்து, இயக்கி, ஒரு படம் எடுங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். மூன்றுக்குள் முடிந்தால் நல்லது. இரண்டாவது கை தேவைப்பட்டால் வேறு மாடல்.
2. உங்கள் கட்டைவிரல் பின்பக்கத்தில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். பொத்தானின் மேல் உட்கார்ந்தால் தினமும் எதையாவது தவறாக அழுத்துவீர்கள். வியர்த்த கையில் வழுக்குகிறதா? சோனி ஆர்.எக்ஸ்.100-இன் முன்பக்கம் வழுவழுப்பானது. ஒட்டும் பிடி தனியாகக் கிடைக்கிறது.
3. கடை விளக்கில் ஃப்ளாஷ் இல்லாமல் விற்பனையாளரின் முகத்தை எடுங்கள். திரையில் பெரிதாக்கி இமை முடியைப் பாருங்கள்.
4. வாசலுக்குப் போய் வெயிலில் திரை தெரிகிறதா என்று சோதியுங்கள். உள்ளேயே நிறுத்தப் பார்ப்பார்கள். ஒருவர் கூட வந்தாலும் பரவாயில்லை, வெளியே போங்கள்.
5. சார்ஜ் ஏற்றும் துளை எது என்று பாருங்கள். யு.எஸ்.பி. சி என்றால் போன் சார்ஜரே உதவும். ஜி.ஆர். 3 அப்படிப்பட்டது.
6. பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச விலையும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா? பில்லில் ஜி.எஸ்.டி.யோடு கேமராவின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். "பில் இல்லாம எடுத்தா கம்மி பண்ணித் தரேன்" என்றால் வாரன்டியும் இல்லாமல் போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினரிடம் சொல்லி வாங்குகிறவர்கள், அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்கென்று வரும் சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும். பிறகு மாற்ற வழியில்லை.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் கவனம்

இந்த வகையில் பழைய கேமரா வாங்குவது புத்திசாலித்தனம்தான். 2012-இல் வந்த முதல் ஆர்.எக்ஸ்.100-கூட இன்றும் நல்ல படம் தரும். ஆனால் லென்ஸ் மாற்றும் கேமராவில் லென்ஸ் கெட்டால் லென்ஸை மாற்றலாம், உள்ளே தூசி போனால் ஊதித் துடைக்கலாம். பாக்கெட் கேமராவில் எல்லாம் ஒரே உடம்பு. ஒவ்வொரு முறை லென்ஸ் நீண்டு சுருங்கும்போதும் காற்றோடு தூசியையும் உள்ளிழுக்கும். அது சென்சாரில் ஒட்டினால் கேமராவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். கூலி, கேமராவின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். ஆகவே:

1. பத்துப் பன்னிரண்டு முறை அணைத்து இயக்குங்கள். லென்ஸ் நீளும் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். கரகரத்தாலோ நடுவில் தயங்கினாலோ மணல் புகுந்திருக்கிறது. பணத்தைப் பையிலேயே வையுங்கள்.
2. லென்ஸை மூடும் மெல்லிய தகடுகள் முழுக்கத் திறந்து முழுக்க மூடுகின்றனவா?
3. திறப்பை மிகச் சிறியதாக, 1 இஞ்ச் கேமராவில் எஃப் 11, ரிக்கோவில் எஃப் 16 என்று வையுங்கள். வெள்ளைச் சுவரை அல்லது மேகமற்ற வானத்தை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். மங்கலான கறும்புள்ளிகள் தூசி. ஜூம் கேமராவில் இதை இரண்டு முனைகளிலும் செய்யுங்கள்.
4. போன் விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடியுங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். கடலோர ஊர்களில் அலமாரியில் அடைந்து கிடந்த கேமராக்களில் இது சகஜம். துடைத்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம்.
5. பேட்டரியை வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். தட்டையாக நிற்காமல் ஆடினால் உப்பியிருக்கிறது.
6. ஒவ்வொரு டயலையும் இரு பக்கமும் திருப்பி, திரையில் எண் தாவாமல் மாறுகிறதா என்று பாருங்கள்.
7. உங்கள் கார்டைப் போட்டு ஃபார்மட் செய்து, எடுத்த படங்களைக் கணினியில் திறந்து பார்த்த பிறகே பணம். பழைய பில்லின் நகலையும் கேளுங்கள். அதிலுள்ள எண்ணும் கேமராவின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுக் கேமராவை வாங்கி மாட்டிக்கொள்ளாமலிருக்க வேறு பாதுகாப்பு கிடையாது.

பழைய மாடல்களுக்கு உதிரிப் பாகம் கிடைக்குமா என்று சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது. கிடைக்காது என்றால் அந்தக் கேமராவை ரிப்பேர் இல்லாத பொருளாகக் கருதி விலை பேசுங்கள்.

முதல் நாள் அமைப்பு

1. எல்லாவற்றுக்கும் முன், மணிக்கட்டுக் கயிறு. அதைக் கட்டாமல் பேட்டரியைக்கூடப் போடாதீர்கள்.
2. தேதி, நேரம் சரிசெய்யுங்கள். தவறவிட்டால் பின்னால் படங்களை வரிசைப்படுத்துவது பெரும் வேதனை.
3. மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜி.பி. போதும்.
4. பீப் ஒலி, ஃபோகஸ் உதவி விளக்கு, டிஜிட்டல் ஜூம் மூன்றையும் அணையுங்கள். முதல் இரண்டும் எதிரில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கும். மூன்றாவது வெறுமனே வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் நீங்களே செய்யலாம்.
5. ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு வையுங்கள். 1 இஞ்ச் சென்சாருக்கு 3200, ஏ.பி.எஸ்.சி.க்கு 6400 என்று தொடங்கலாம்.
6. குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்று கொடுங்கள். ஓடுகிற பிள்ளைகள் என்றால் 1/250. பலர் "கேமரா சரியில்லை, படம் கலங்குகிறது" என்று சொல்வதற்கு இந்த ஒன்றைச் செய்யாததே காரணம். அசைவைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பிள்ளையின் ஓட்டத்தைத் தடுக்காது.
7. முதல் மாதம் ஜேபெக் கோப்பே போதும். ரா கோப்பைத் திருத்தப் பொறுமை வந்த பின் இரண்டையும் சேர்த்து எடுங்கள்.
8. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு எங்கே என்று பார்க்காமலே தொடப் பழகுங்கள். வெள்ளை வேட்டி வெளிறினால் ஒரு படி குறைப்பது, எதிர்வெயிலில் முகம் கறுத்தால் ஒரு படி கூட்டுவது. இந்த இரண்டும் கைக்கு வந்தால் ஆட்டோ முறையின் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

குறிப்பு: உபரி பேட்டரி ஒன்று கட்டாயம். ஜி.ஆர். 3 ஒரு சார்ஜில் சுமார் 200 படங்கள்தான் தரும் என்று நிறுவனமே சொல்கிறது, ஆர்.எக்ஸ்.100 ஏழாம் மாடல் திரையைப் பயன்படுத்தினால் சுமார் 260. டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்தவர்கள் முதல் பயணத்திலேயே இதில் அடிபடுகிறார்கள். நடைபாதையில் கிடைக்கும் பெயரில்லாத பேட்டரி வேண்டாம். கேமராவுக்குள்ளேயே உப்பி, வெளியே எடுக்க முடியாமல் போகும்.

பாதுகாப்பு

மணல்தான் முதல் எதிரி. கடற்கரையில் கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் வைத்து, எடுக்கும்போது மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். மணல் பட்ட கையோடு லென்ஸ் குழாயைத் தொட வேண்டாம். குழாய் நடுவில் சிக்கி நின்றால் விரலால் தள்ளவோ இழுக்கவோ கூடாது. அணைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, சிறு ரப்பர் ஊதியால் ஊதி, மறுபடி ஒருமுறை இயக்குங்கள். அப்போதும் நகராவிட்டால் சர்வீஸ். வாயால் ஊதுவது எச்சிலை உள்ளே அனுப்பும் வேலை.

அடுத்தது ஈரம். குளிர்சாதன அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். உறைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். வீட்டில் துணி அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்தினால் ஃபங்கஸ் பயம் பெருமளவு குறையும்.

விமானத்தில் உபரி பேட்டரி கையில் கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. முனைகள் சாவியிலோ நாணயத்திலோ படாதபடி தனி உறையில் போடுங்கள்.

கேமரா சிறிது என்பதால் யாருக்கும் தெரியாமல் எடுக்கலாம் என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. கருவறைப் பக்கம், பாதுகாப்புத் துறை வளாகம், அணை, "படம் எடுக்காதீர்" பலகை உள்ள எந்த இடமும் சிறு கேமராவுக்கு மட்டும் திறந்துவிடுவதில்லை. மனிதர்களிடமும் அப்படியே. எடுத்த பின் முகம் சுளித்தால், திரையைக் காட்டி, அவர் கண் முன்னே அழித்துவிடுங்கள். பிள்ளைகளை எடுக்கும் முன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை.

யாருக்கு வேண்டாம்

வேடந்தாங்கலில் பறவை எடுக்க நினைப்பவருக்கு 200 மி.மீ. காணவே காணாது, 400-க்கு மேல் வேண்டும். அதற்குப் பாக்கெட்டில் நல்ல வழி இல்லை. கல்யாண வேலை எடுத்துக் காசு சம்பாதிக்கிறவருக்கு இரண்டு கார்டு போடும் வசதி, வெளி ஃப்ளாஷ், நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி எல்லாம் வேண்டும். அரங்கின் பின்வரிசையிலிருந்து நாட்டியம் எடுப்பவர், மைதானத்தில் கபடி எடுப்பவர் ஆகியோருக்கும் இதே பதில். இவர்கள் லென்ஸ் மாற்றும் கேமராவை வாங்க வேண்டும். வாங்கும்போது கிட் லென்ஸோடு நிற்காமல் வேலைக்கேற்ற லென்ஸுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நடுவில் நிற்பவர்கள் பாக்கெட் கேமராவை வாங்கி ஆறு மாதம் பயன்படுத்திவிட்டு, படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றோடும் பதிவாகியிருக்கும், 35 மி.மீ. ஃபிலிமுக்கு இணையான குவிய நீளத்தைப் பாருங்கள். ஜூமின் கடைசி முனையிலேயே படங்கள் குவிந்து கிடந்தால் உங்களுக்குத் தேவை நீண்ட லென்ஸ். 24-க்கும் 50-க்கும் இடையில் கிடந்தால், அடுத்து எதையும் வாங்க வேண்டாம். இந்தக் கணக்கைப் பார்க்கும் நாள் வரை பெட்டி, பில், உறை, சார்ஜர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லாம் சேர்ந்திருக்கும் பாக்கெட் கேமரா விற்கும்போது நல்ல விலைக்குப் போகும்.